வீட்டுக்குள்ளேயே கொழும்பு போன குடும்பம்

இரகசியத்தைக் காப்பாற்றுவதில் உலகத்திலேயே முதலிடம் யாருக்கு என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் ஏதாவதொரு வல்லரசின் உளவுத்துறையைச் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் மயிலாப்பூரில் சாந்தோம் பக்கம் இருக்கும் தோமையார் சந்து என்பார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டிய சந்து அது. எதிர்வீட்டில் மிளகாய் வறுத்தால் நம் வீட்டில் தும்முவோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குடும்பத்தின் இரகசியம் கடைசிவரை கட்டிக் காக்கப்பட்ட வரலாற்றை யாரும் எழுதாமல் விட்டால் வருங்காலச் சந்ததி நம்மைச் சும்மா விடாது. அதனால்தான் இந்தச் சிறு முயற்சி.

வரலாற்றின் நாயகர் ஃபிரெட்ரிக். நந்தனத்தில் தண்ணீர் பம்பு விற்கும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. சேர்ந்த நாளில் உட்கார்ந்த இடத்திலேயே அதுவரை உட்கார்ந்திருந்தார். நாற்காலியைத்தான் இரண்டு முறை மாற்றினார்கள். பதவி உயர்வு என்பது அடுத்த மேஜைக்காரருக்கு வருவது, அதற்கு நாம் கேக் சாப்பிடுவது என்ற அளவில் அவருக்குப் பழக்கம். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு மேலாளர் ஒருநாள் கையைக் குலுக்கினார்.

“நம்ம கொழும்பு ஆபீஸுக்குக் கணக்குப் பிரிவுத் தலைவரா உங்களைப் போட்டிருக்கோம்.”

“ரொம்ப நன்றி சார். பிரிவுல மொத்தம் எத்தனை பேரு?”

“அதான் சொன்னேனே, நீங்க.”

தலைவர் பதவிதான். சம்பளமும் தலைவருக்கு உரியதுதான். ஜூன் மாதம் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மேஜைக்காரர் தயாராக இருக்கிறார். ஃபிரெட்ரிக் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். போனால் குடும்பத்தோடு போவது, தனியாகப் போவதில்லை. இந்த விஷயத்தில் அவர் விளையாட மாட்டார். அவருடைய அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தவர். லீவில் வருவார், பெர்ஃப்யூம் வாசனை அடங்குவதற்குள் கிளம்பிவிடுவார். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அழுத பையன், தன் பிள்ளையை அப்படி நிற்க வைக்கமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். கம்பெனியும் பெரிய மனது பண்ணி, “தாராளமா கூட்டிட்டுப் போங்க, குடும்பத்துக்கான அனுமதியை மட்டும் நீங்களே பார்த்துக்குங்க” என்றது.

குடும்பம் என்பது மனைவி லிசா, ஐந்தாம் வகுப்பு முடித்த மகள் அனன்யா, அம்மா ஆலிஸ். நால்வரும் தி. நகருக்குப் போனார்கள். அங்கே ஒரு புடவைக் கடையின் மாடியில் ‘அண்டை நாட்டுக் குடும்பக் குடியேற்ற ஆலோசனை மையம்’ இயங்கிவருகிறது. அறையைவிடப் பலகை பெரிது. நிறுவனர், தலைமை ஆலோசகர், வந்தவர்களுக்கு டீ சொல்பவர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் காஷிஃப் என்ற இளைஞர் ஒருவரே சுமந்துவந்தார்.

“உக்காருங்க சார். சுத்திப் பார்க்கவா, தங்கவா? தங்கறதுன்னா வேலையா, முதலீடா, ரிடையர்மென்ட்டா? நம்மகிட்ட எல்லா ஆப்ஷனும் கீது.”

“வேலை. குடும்பத்தோட.”

“சூப்பர் சார். அப்ப நீங்க மெயின். வொய்ஃபும் பாப்பாவும் டிபெண்டன்ட். அம்மா...” என்று ஆலிஸை அளவெடுப்பது போலப் பார்த்தார். “அம்மாவும் டிபெண்டன்ட்தான், ஆனா தனி ஃபைலு. மகனை நம்பித்தான் வாழறாங்கன்னு நாம நிரூபிக்கணும்.”

ஆலிஸ் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “யாரு, நானா? எனக்குப் பென்ஷன் வருது தம்பி. மாசக் கடைசியில இவன்தான் எங்கிட்ட வந்து பல்லைக் காட்டறான்.”

“அப்படில்லாம் வெளிய சொல்லாதீங்கம்மா. அப்புறம் நீங்க மெயினு, சாரு டிபெண்டன்ட் ஆயிடுவாரு.”

“அதானே உண்மை?”

“உண்மைக்கு விசாவுல கேட்டகரி கிடையாதும்மா.”

ஆலிஸ் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, அன்று முதல் மகனை நம்பி வாழச் சம்மதித்தார். காஷிஃப் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி வைத்தார். கடைசியாக ஒன்று மட்டும் பாக்கி. இவர்கள்மேல் எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வீடு தேடி வருவார்; சொன்ன முகவரியில் இருக்கிறார்களா என்று பார்ப்பார்.

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார். வீட்ல இருந்தா போதும்.”

“அது ஒரு வேலையா?” என்று ஃபிரெட்ரிக் சிரித்தார்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் குடும்பத்தின் அவசரக் கூட்டம் கூடியது. லிசா தீர்மானத்தை முன்மொழிந்தாள். “விசா கையில வர்ற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா அவ்வளவுதான், கண்ணு பட்டுடும்.” தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. உடனே ‘இரகசியக் காப்பு நடவடிக்கைகள்’ முடுக்கிவிடப்பட்டன. சந்து முனையில் போட்டோ ஸ்டுடியோ இருக்க, பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க அசோக் நகர் போனார்கள். பாண்டி பஜாரில் வாங்கிய பெட்டிகளைப் போர்வையில் சுற்றி மெத்தை என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் மெஹபூப் பாஷா, “இன்னா நைனா, மெத்தைக்குச் சக்கரம் வெச்சிக் கீது?” என்று கேட்டார். புது மாடல் என்று ஃபிரெட்ரிக் பதில் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இரகசியம், ஒரு வெள்ளிக்கிழமை காலைப் பூசையில் மேலும் வலுவடைந்தது.

கத்தோலிக்கர்கள் வீட்டில் ஏதாவது நடக்க வேண்டுமென்றால், அந்தக் கருத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது வழக்கம். இன்னார் இன்ன காரணத்துக்காக என்று பூசைக்கு முன்னால் வாசிப்பார்கள். கோயிலுக்குள் இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டியிருக்கும். அது சந்துப் பக்கம் திரும்பியிருக்கும். அன்று காலை ஃபிரெட்ரிக் வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தபோது அது கணீரென்று சொல்லிற்று:

“இன்றைய திருப்பலி, தோமையார் சந்து ஃபிரெட்ரிக், லிசா குடும்பத்தினருக்குக் கொழும்பு விசா தடையின்றிக் கிடைக்கவும், கிடைக்கும்வரை இச்செய்தி யாருக்கும் தெரியாமல் இருக்கவும் வேண்டி, தாயார் ஆலிஸ் அம்மாளால் ஒப்புக்கொடுக்கப்படுகிறது.”

பூசை முடிந்து வந்த அம்மாவை ஃபிரெட்ரிக் வாசலிலேயே மறித்தார்.

“அம்மா! யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு பேசினோமா இல்லையா?”

“நான் யார்கிட்டடா சொன்னேன்? சாமிகிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

“மைக்லயாம்மா சொல்லுவாங்க?”

“பூசைக்குச் சொன்னா மைக்ல வாசிக்கத்தான் செய்வாங்க. அது சாமியாருக்கும் சாமிக்கும் உள்ளது. நடுவுல ஊர் காதை வெச்சா நான் என்ன பண்ணட்டும்?”

சந்து இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பொறுப்போடு நடந்துகொண்டது. மெஹபூப் பாஷா கழுத்தில் அளவு டேப்போடு வந்து, “யாருக்கும் தெரியக் கூடாதாமே நைனா? என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது, நீ தைரியமா போ” என்று கையடித்துக் கொடுத்தார். அன்று பொழுது சாய்வதற்குள் சந்திலிருந்த அத்தனை பேரும் தனித்தனியாக வந்து இதே உறுதிமொழியை அளித்தார்கள். சிலர் கூடவே, நீர்கொழும்பில் கட்டிக்கொடுத்த நாத்தனாருக்கு என்று முறுக்கும் வடகமும் கொடுத்துப் போனார்கள். இதுவரை “ஏம்ப்பா, இந்தாப்பா” என்று கூப்பிட்டவர்கள் “ஃபிரெட்ரிக் சார்” என்றார்கள். தன் பெயர் இத்தனை பேருக்குத் தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் மரியதாஸ் வந்தார். ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தை, அதாவது பங்கை, சில தெருக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘அன்பியம்’ என்று ஒரு குழு வைத்திருப்பார்கள். ஜெபமாலை சொல்வது, நோயாளிகளைப் பார்ப்பது, சால்வை போர்த்துவது ஆகியவை அதன் பணிகள். இந்தச் சந்தின் அன்பியத் தலைவர் மரியதாஸ். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். மைதானம் போனாலும் மைதானக் குரல் போகவில்லை.

“எப்பப்பா கிளம்பறே?”

“இன்னும் முடிவாகலண்ணே...”

“அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை பூசைக்கப்புறம் ஹால் காலியா இருக்கு. அதை விட்டா மே மாசம் பூரா கல்யாணம். வழியனுப்பு விழாவை அன்னிக்கே வெச்சிடலாம்.”

“விசா இன்னும் வரலண்ணே.”

மரியதாஸ் அவரைக் கூர்ந்து பார்த்தார். “பூசை கொடுத்தாச்சு இல்ல?”

“கொடுத்தாச்சுண்ணே.”

“அப்புறம் என்ன? உனக்கு விசுவாசம் இருக்கா, இல்லையா?”

வாசலில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது? “இருக்குண்ணே” என்றார் ஃபிரெட்ரிக்.

“அப்ப ஞாயித்துக்கிழமை.”

விழா சிறப்பாக நடந்தது. இப்படி எழுதினால் வழக்கமாக எழுதுவது போல ஆகிவிடும். உண்மையிலேயே சிறப்பாக நடந்தது. பின்னணியில் அச்சிட்ட பேனரில், ஃபிரெட்ரிக் குடும்பமும் ஒரு விமானமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. மரியதாஸ் பேசினார். “நம் அன்பியத்தின் ஒளிவிளக்கு, தன்னலமற்ற தொண்டர், எளிமையின் இருப்பிடம், நம்மைப் பிரிந்து கடல் கடந்து செல்கிறார்!” ஒளிவிளக்கு தொண்டு செய்ததாக ஒளிவிளக்குக்கே நினைவில்லை. ஒருமுறை மெழுகுவர்த்தி ஊர்வலத்தில் குடை பிடித்தார், அவ்வளவுதான். ஆனாலும் மரியதாஸ் தன் கையால் சால்வையைப் போர்த்தி, கன்னத்தைத் தடவி, “எங்கள மறந்துடாதப்பா” என்றபோது ஃபிரெட்ரிக் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். இத்தனை அன்பை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

பிரியாணி முடிந்து வீட்டுக்குப் போய் விசாவுக்குக் காத்திருக்கலாம் என்று எழுந்தபோது, மரியதாஸ் மறுபடி மைக்கைப் பிடித்தார்.

“கடைசியா ஒரு இன்ப அதிர்ச்சி! விமான நிலையம் போக அன்பியத்தின் அன்பளிப்பாக டாக்சி வாசலில் காத்திருக்கிறது!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதற்குள் லிசா வீட்டுக்கு ஓடினாள். காலிப் பெட்டிகளில் கைக்குக் கிடைத்த தலையணைகளையும் அனன்யாவின் பழைய பாடப் புத்தகங்களையும் திணித்தாள். மரியதாஸே ஒரு பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தார்.

“என்னப்பா, வெத்துப் பெட்டி மாதிரி இருக்கு?”

“அங்கயே எல்லாம் கிடைக்கும்ணே.”

சந்து மொத்தமும் கையசைத்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சில இளைஞர்கள் விமான நிலையம்வரை பைக்கில் வருவதாகச் சொன்னார்கள். “வேணாம்ப்பா, அங்க வந்தா என்னால தாங்க முடியாது” என்றார் ஃபிரெட்ரிக். அதில் பொய் கொஞ்சமும் இல்லை. முனை திரும்பியதும் டிரைவர் கேட்டார். “ஏர்போர்ட் தானே சார்?”

“வடபழனி போப்பா.”

“அங்க ஏது சார் ஏர்போர்ட்டு?”

“தெரியும்ப்பா. நீ போ.”

முருகன் கோயில் பக்கத்தில் ஒரு ஓட்டலில், பெட்டிகளை மேஜையைச் சுற்றி நிறுத்திவிட்டு நாலு பேரும் காபி மேல் காபியாகக் குடித்தார்கள். பரிமாறியவர் அன்பாக விசாரித்தார்.

“கல்யாணத்துக்கு வந்தீங்களாம்மா? எந்த ஊரு?”

“மயிலாப்பூர்” என்றார் ஆலிஸ். அவருக்குப் பொய் வராது.

அவர் பெட்டிகளைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். “மயிலாப்பூர்லேர்ந்து வடபழனிக்கு இத்தனை பெட்டியா? ரொம்ப நாள் தங்கற ஐடியாவா?”

“விசா வர்ற வரைக்கும்” என்றாள் அனன்யா. லிசா அவள் வாயில் பஜ்ஜியைத் திணித்தாள்.

இருட்டிய பிறகு, சந்து சீரியலில் மூழ்கியிருந்த நேரமாகப் பார்த்து, நால்வரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். கிரில் கதவுக்கு ஃபிரெட்ரிக் உள்ளேயிருந்து கையை வெளியே நீட்டி வெளிப்பக்கமாகப் பூட்டுப் போட்டார். தோமையார் சந்தைப் பொறுத்தவரை அந்தக் குடும்பம் கொழும்பில் இறங்கிவிட்டது.

அங்கே அவர்கள் நடத்திய வாழ்க்கை மிகவும் ஒழுக்கமானது. பகலில் ஜன்னல் திறக்கப்படவில்லை. மிக்ஸி ஓடவில்லை. குக்கர் விசில் அடித்துவிடும் என்பதால் சோற்றை வடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுக்காத முதல் மாதம் அந்த மே மாதம்தான். வறுத்தால் வாசனை வாசல்வரை போய், இங்கேதான் இருக்கிறோம் என்று கூப்பிட்டுச் சொல்லிவிடும். வேலைக்குப் போயாக வேண்டுமே என்று ஃபிரெட்ரிக் விடிவதற்கு முன்பே ஹெல்மெட்டோடு கிளம்பி, இருட்டியபின் ஹெல்மெட்டோடு திரும்பினார். பைக் முனையிலேயே நிற்கும்; சந்துக்குள் ஹெல்மெட் மட்டும் நடந்து வரும். ஆலிஸ் பூசைக்கு அடையாறு பக்கம் ஒரு கோயிலுக்குப் போய், முக்காட்டுக்குள்ளேயே ஜெபித்துவிட்டு வந்தார். அங்கே பூசைக்கு எதுவும் சொல்லிவைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

லிசாவுக்குத்தான் தாங்கவில்லை. புழுக்கத்தில் முதுகெல்லாம் வேர்க்குரு. “நாம என்ன கொலையா பண்ணிட்டோம்? நேரா போய், ‘விசா இன்னும் வரல, வந்ததும் போறோம்’னு சொன்னா என்ன?”

“சால்வை போட்டுட்டாங்களே லிசா.”

“சால்வையா பெருசு?”

“போட்டவர் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாரு லிசா. இப்ப போய் எப்படி நிக்கறது?”

ஒரு சனிக்கிழமை காலை காஷிஃப் போன் செய்தார். “சார், எல்லாம் ரெடி. இன்னிக்கி ஸ்டேஷன்லேர்ந்து வருவாங்க. தயவு பண்ணி வீட்லயே இருங்க.”

“நாங்க இருக்கற மாதிரி மெட்ராஸ்ல யாரும் வீட்ல இருக்க முடியாது காஷிஃப்.”

பதினோரு மணிவாக்கில் கான்ஸ்டபிள் வந்தார். கிரில்லில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்தார். பெல் அடித்தார். பெல் அடித்தால் மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வது என்று குடும்பத்துக்கு நல்ல பயிற்சி ஆகியிருந்தது. கை தானாகப் போய் விசிறியை அணைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான், வந்திருப்பது யாரென்று ஃபிரெட்ரிக்குக்கு உறைத்தது. சாவியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடினார். அதற்குள் வெளியே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

“இந்த வீட்ல ஃபிரெட்ரிக்னு யாராவது இருக்காங்களா?”

“இருந்தாங்க சார்” என்றது மெஹபூப் பாஷாவின் குரல். “கொழும்பு போய்ட்டாங்க.”

“யோவ், கொழும்பு போறதுக்காகத்தான்யா என்னை வெரிஃபிகேஷனுக்கு அனுப்பியிருக்காங்க. அதுக்குள்ள எப்படிப் போனாரு?”

விஷயம் பெரிது என்று பாஷா ஓடிப்போய் மரியதாஸை அழைத்துவந்தார். சந்தில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மைதானக் குரல் எழுந்தது.

“ஐயா, நான் இந்த அன்பியத்தோட தலைவர். என் கையால சால்வை போட்டு அனுப்பி வெச்சேன்.”

“சால்வை போட்டா விசா வந்துடுமா?”

“எங்க அன்பியத்துல சால்வை வாங்கினவங்க போகாம இருந்ததா சரித்திரமே கிடையாதுங்க. இதோ போட்டோ பாருங்க. பின்னாடி ஏரோப்ளேன் தெரியுதா?”

உள்ளே லிசா கணவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “திறங்க! கதவைத் திறங்க! விசா போயிடும்.” சத்தம் வராமல் கத்துவதற்கும் அவள் பழகியிருந்தாள். ஃபிரெட்ரிக் தாழ்ப்பாளில் கை வைத்தார். ஒரு இழு இழுத்தால் போதும். கொழும்பு, தலைவர் நாற்காலி, நாலு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் தொப்பியோடு நிற்கிறது. வெளியே மரியதாஸ் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். “தங்கமான பையன் சார். பொய் சொல்லத் தெரியாது.” திறந்தால் இந்த மனிதர், தன் சந்தில், தன் ஆட்கள் முன்னால், போலீஸ்காரரிடம் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். எழுபது வயது மனிதரை இப்படித் தலைகுனிய வைப்பதா? கை தாழ்ப்பாளிலேயே இருந்தது.

நல்ல மனிதர் அந்தக் கான்ஸ்டபிள். போகிற போக்கில் மறுபடி ஒருமுறை கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “உள்ள யாராவது இருக்கீங்களாப்பா?”

சந்தே மூச்சடக்கி நின்றது. உள்ளேயும் நாலு பேர் மூச்சடக்கி நின்றார்கள். அவர் போய்விட்டார்.

அடுத்த வாரம் தி. நகரில் காஷிஃப் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “சார், ‘மனுதாரர் முகவரியில் இல்லை, குடும்பத்தோடு வெளிநாடு சென்றுவிட்டதாக அக்கம்பக்கத்தார் தகவல்’னு எழுதி அனுப்பிட்டாங்க. நீங்க இப்ப எங்க சார் கீறீங்க?”

“வீட்லதான்.”

“அது தப்பு சார். ரெக்கார்டுபடி நீங்க வீட்ல இல்ல. விசா இல்லாததால கொழும்புலயும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல கடல்தான் சார் கீது.”

“இதுக்கு ஏதாவது ஆப்ஷன் இருக்கா காஷிஃப்?”

காஷிஃப் தொழில் வாழ்க்கையில் முதல் முறையாக ஆப்ஷன் இல்லாமல் யோசித்தார். “திரும்ப ஃபர்ஸ்ட்லேர்ந்து போடலாம். திரும்ப வெரிஃபிகேஷன் வரும். உங்க தெருவுல யாராவது ரெண்டு பேரு, இவரு இங்கதான் கீறாருன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். ஆனா சீக்கிரம் சார். ஜூன் வந்துடுச்சு.”

அன்று மாலை ஃபிரெட்ரிக் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்திலேயே சந்துக்குள் நடந்து மரியதாஸ் வீட்டுப் படியேறினார். உள்ளே மெஹபூப் பாஷா மரியதாஸுக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தார். ஃபிரெட்ரிக் இருவர் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. நாங்க போகவே இல்லண்ணே. விசாவே வரல. இத்தனை நாளும் வீட்டுக்குள்ளதான் இருந்தோம்.”

மரியதாஸ் அதிரவில்லை. இடுப்பில் சுற்றிய டேப்போடு, “தெரியும்ப்பா” என்றார்.

“தெரியுமா?”

“போன மறுநாளே தெரியும். மொட்டைமாடியில உங்கம்மா புடவை காயுது. கொழும்புலேர்ந்தா வந்து காயப் போட்டாங்க?”

“சந்துக்கே தெரியும் நைனா” என்றார் பாஷா பெருமையோடு. “ஒருத்தராவது வாயைத் திறந்தமா பாரு!”

ஃபிரெட்ரிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்புறம் ஏண்ணே போலீஸ்காரர்கிட்ட போயிட்டேன்னு சொன்னீங்க?”

“உன் மானத்துக்காகத்தாம்ப்பா! உள்ள ஒளிஞ்சிக்கிட்டிருக்கான்னு நாலு பேர் முன்னாடி போலீஸ்கிட்ட காட்டிக் கொடுக்கச் சொல்றியா? உயிரே போனாலும் செய்ய மாட்டேன்.”

“நான் உங்க மானத்துக்காகத்தாண்ணே கதவைத் திறக்கல.”

மரியதாஸின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து ஃபிரெட்ரிக்கை மார்போடு அணைத்துக்கொண்டார். பாஷா டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்தார். ஒருவர் மானத்தை ஒருவர் இப்படித் தாங்கிப் பிடித்த காட்சியை வேறு எந்தப் பேட்டையில் பார்க்க முடியும்? ஃபிரெட்ரிக்குக்கும் நெஞ்சு நிறைந்தது; உடனே காரியத்துக்கு வந்தார்.

“அண்ணே, நான் திரும்ப அப்ளை பண்றேன். திரும்ப போலீஸ் வருவாங்க. நாங்க இங்கதான் இருக்கோம்னு இந்தத் தடவை ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே. பாஷா பாய், நீங்களும்.”

அணைத்திருந்த கை தளர்ந்தது. மரியதாஸ் பாஷாவைப் பார்த்தார். பாஷா டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“அது எப்படிப்பா?” என்றார் மரியதாஸ். “அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு ஆயிடாதா? போட்டோ வேற காட்டியிருக்கேன். நாளைக்கு அதே போலீஸ்காரர் வந்து மூஞ்சியப் பார்த்துக் கேட்டா, நம்ம சந்தோட மானம் என்ன ஆகறது?”

“அண்ணே, வேலை போயிடும்ணே. என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.” ஃபிரெட்ரிக்குக்கு அழுகை வந்துவிட்டது. “நான் எங்கண்ணே போவேன்?”

மரியதாஸ் அவர் தோளில் கை வைத்தார். குரலில் அன்றைய விழா மேடையின் அதே பாசம் இருந்தது.

“நீ எங்கயும் போக வேணாம்ப்பா. உன் வீடு, உன் சந்து. எத்தனை வருஷம் வேணும்னாலும் குடும்பத்தோட தாராளமா இரு. எங்க யார் வாயிலேர்ந்தும் ஒரு வார்த்தை வெளிய போகாது. அந்த முன்பக்க ஜன்னலை மட்டும் சாத்தியே வெச்சிக்க.”

வீட்டுக்கு வந்த ஃபிரெட்ரிக்கிடம் லிசா ஓடிவந்து, என்ன ஆயிற்று என்று கேட்டாள். பர்மிட் கிடைத்துவிட்டது என்றார் அவர். கொழும்புக்கா என்றாள். இல்லை, இந்த வீட்டுக்கு என்றார். குடும்பத்தோடு ஆயுசுக்கும் தங்கலாம், வெளியே தெரியக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. நடந்ததை எல்லாம் சொல்லி, சந்தே நம் மானத்துக்காக எப்படி நின்றிருக்கிறது பார் என்று மறுபடியும் கண் கலங்கினார்.

லிசா சாத்தியிருந்த ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“நம்ம மானத்தைக் காப்பாத்த இத்தனை பேரு இருந்தாங்க. நம்மளைக் காப்பாத்த ஒருத்தர் இருந்தாங்களாங்க?”